லினக்சில் வை-ஃபை வரவில்லை என்றால் யாரைத் திட்டுவது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மங்களம் பாடிவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு புதுசு வாங்கு என்பதுதான் அதற்கு அர்த்தம். வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்வார்கள். முடியாதவர்கள்?

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். சேலையூர், பம்மல், முடிச்சூர் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இரண்டு வீட்டுப் பரணிலாவது ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அண்ணன் வாங்கியது, தம்பி படித்தது, இப்போது தங்கைக்கு. பேட்டரி போயிருக்கும், ஆனால் சார்ஜரில் மாட்டினால் ஓடும். அதில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் ஏறும். யாரோ ஒரு புண்ணியவான் பென் டிரைவில் உபுண்டுவோ மின்ட்டோ கொண்டுவந்து போட்டுக் கொடுக்கிறார். திரை வருகிறது, தமிழ் வருகிறது, பாட்டு பாடுகிறது. உள்ளே இருக்கும் வை-ஃபை கார்டு செத்துவிட்டதென்று ரிச்சி தெருவில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய விரல் நகம் அளவு யூஎஸ்பி டாங்கிளை மாட்டினால், அதுமட்டும் வேலை செய்வதில்லை.

உடனே மூன்று குரல்கள் எழும்பும்.

முதல் குரல்: "லினக்ஸ்னாலே இப்படித்தான், பேசாம கிராக் விண்டோஸ் போட்டுக்கோ."

இரண்டாவது குரல், லினக்ஸ் பக்தருடையது: "அது லினக்ஸ் தப்பில்ல. ரியல்டெக் சிப் வாங்கினது உன் தப்பு. இன்டெல் கார்டு வாங்கியிருக்கணும்."

மூன்றாவது, இன்னும் தீவிரமான பக்தர்: "கிட்ஹப்ல டிரைவர் இருக்கு. இறக்கி கம்பைல் பண்ணிக்கோ, ரெண்டே நிமிஷம்."

இதில் மிக மோசமானது எது? முதலாமவர் என்று நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அவருக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். இரண்டாமவர், முந்நூறு ரூபாய்க்கு மேல் இல்லாததால்தான் ஒருவர் அந்த டாங்கிளை வாங்கினார் என்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறார். கடையில் அட்டைப்பெட்டியின் மேல் சிப்பின் பெயர் எழுதியிருப்பதும் இல்லை. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்725என் என்ற ஒரே பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப், அடுத்த பதிப்பில் வேறு சிப். வாங்குபவர் ஜோசியமா பார்க்க முடியும்?

ஆனால் மூன்றாமவர்தான் ஆபத்தானவர். ஏனென்றால் அவர் சொல்வது தீர்வு மாதிரியே இருக்கிறது. இணையத்துக்குப் போகத் தேவையான டிரைவரை இணையத்திலிருந்து இறக்கிக்கொள் என்கிறார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. செல்போனை கேபிளில் மாட்டி எப்படியோ இறக்கி, திரையில் ஓடும் ஆயிரம் வரிகளுக்குப் பிறகு வை-ஃபை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்து ஒரு அப்டேட் வரும். மறுபடி போய்விடும். அந்தத் தங்கைக்கு கெர்னல் என்றால் என்னவென்றே தெரியாது. நேற்று வந்தது இன்று வரவில்லை என்பது மட்டும் தெரியும். லேப்டாப் மறுபடி பரணுக்குப் போகும்.

ஏன் போகிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் கொட்டிக் கொட்டி ரோடு மேடாகிக்கொண்டே போகும். ஒரு காலத்தில் இரண்டு படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கி நுழைய வேண்டும். ஐப்பசி மழைக்கு ரோட்டுத் தண்ணீர் நேரே ஹாலுக்கு வரும். வீட்டில் ஒரு குறையும் இல்லை. அது அப்படியே நின்றது, ரோடு உயர்ந்துவிட்டது. வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்கள். அடுத்த ரோடு போட்டதும் மறுபடி அதே பிரச்சினை.

லினக்ஸ் கெர்னலில் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை ரோடு போடுகிறார்கள், அதாவது புதுப் பதிப்பு வருகிறது. வெளியே ஓடும் மென்பொருள்களுக்கு எதுவும் உடையக்கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் படு கறார். ஆனால் உள்ளுக்குள், கெர்னலும் டிரைவரும் பேசிக்கொள்ளும் இடத்தில், எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறும், அதற்குக் கொடுக்க வேண்டிய விவரம் ஒன்று கூடும். இது அலட்சியத்தால் நடப்பதல்ல, வேண்டுமென்றே வைத்திருக்கும் கொள்கை. பழைய தவறுகளைச் சுமந்துகொண்டே போகக்கூடாது என்பதற்காக.

அதற்கு ஈடாக ஒரு நியாயமான சட்டமும் உண்டு. உள்ளே ஒன்றை மாற்றுகிறவர், கெர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவர்களையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும். ரோடு போடுபவனே தெருவிலுள்ள எல்லா வீட்டையும் சேர்த்துத் தூக்கித் தர வேண்டும் என்று மாநகராட்சி சட்டம் போட்டால் எப்படி இருக்கும், அப்படி! ஆனால் அது தெருவுக்குள் இருக்கும் வீட்டுக்குத்தான். கிட்ஹப்பில் தனியே கிடக்கும் டிரைவர் தெருவிலேயே இல்லாத வீடு. ஒவ்வொரு முறையும் அதன் சொந்தக்காரர் ஜாக்கி வைக்க வேண்டும். அவர் சலித்துப்போன அன்று, அந்த வீட்டை நம்பியவர்கள் வீட்டுக்குள் தண்ணீர்.

டிகேஎம்எஸ் இருக்கிறதே, ஒவ்வொரு கெர்னலுக்கும் தானாக கம்பைல் செய்துகொள்ளுமே என்று சிலர் ஜல்லியடிப்பார்கள். டிகேஎம்எஸ் கம்பைல் செய்யும், கோடைத் திருத்தாது. பொருந்தாத சாவியை எத்தனை முறை தானாகத் திருப்பினாலும் பூட்டு திறக்குமா?

சரி, எல்லா டிரைவரையும் உள்ளே சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. உள்ளே சேர்க்கிற தரத்தில் அது இருக்க வேண்டும்.

2007-க்கு முன் ஒவ்வொரு வை-ஃபை டிரைவரும் தனித்தனி ராஜ்ஜியம். நெட்வொர்க்கைத் தேடுவது, இணைவது, பாக்கெட்டுகளைப் பிரிப்பது, சேர்ப்பது என்று எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் தாங்களாகவே எழுதிவைத்திருந்தார்கள். அப்புறம் டிவைஸ்கேப் என்ற நிறுவனம் திறந்துகொடுத்த கோடிலிருந்து மேக்80211 என்ற பொது அடுக்கு உருவாகி, 2007 ஜூலையில் வந்த 2.6.22 பதிப்பில் சேர்ந்தது. பொதுவான வேலை எல்லாம் ஒரே இடத்தில். டிரைவர் தன் சிப்போடு பேசினால் போதும்.

இது அழகுக்காகச் செய்த வேலை இல்லை. 2021 மே மாதம் ஃப்ராக்அட்டாக்ஸ் என்று ஒரு கொத்து ஓட்டைகளை மேத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். பாக்கெட்டுகளைத் துண்டாக்கிச் சேர்க்கும் முறையிலேயே இருந்த ஓட்டைகள். லினக்சில் திருத்தத்தின் பெரும்பகுதி மேக்80211-இல் நடந்தது. அதை நம்பியிருந்த டிரைவர்களுக்கெல்லாம் பலன் கிடைத்தது. சொந்தமாக ஒரு முழு அடுக்கையே சுமந்துகொண்டு வெளியே கிடந்த டிரைவர்களுக்கு அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேர வழியே இல்லை. "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி ஒருவர் போட்டுக்கொடுக்கும் டிரைவர், ஊரறிந்த ஓட்டையோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். போட்டுக்கொடுத்தவர் அதற்கு என்ன பொறுப்பு எடுக்கிறார்?

இப்போது முந்நூறு ரூபாய் டாங்கிளுக்கு வருவோம். அவற்றில் பலவற்றுக்குள் இருந்தது ஆர்டிஎல்8188ஈயூ என்ற ரியல்டெக் சிப். அதன் டிரைவர் 2013-இல் கெர்னலின் ஸ்டேஜிங் பகுதிக்குள் வந்தது. ஸ்டேஜிங் என்பது தேறாத கோடை வைத்துத் தேற்றும் வார்டு. நிறுவனம் கொடுத்த அந்தக் கோடும் தன் சொந்த அடுக்கைத் தூக்கிக்கொண்டே வந்தது. இதற்கிடையே ஜெஸ் சோரன்சன் என்பவர், ரியல்டெக் யூஎஸ்பி சிப்புகளுக்காக மேக்80211 மேல் சுத்தமாக ஒரு டிரைவரை எழுதி 2016-இல் 4.4 பதிப்பில் சேர்த்தார். 8188ஈயூ சிப்புக்கான ஆதரவும் கடைசியில் அதற்குள் வந்து, 2023-இல் ஸ்டேஜிங் டிரைவர் தூக்கப்பட்டது. பத்து வருஷம்! ஒரு முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு.

இந்தப் பத்து வருஷக் கதையில் பல இடங்களில் தட்டுப்படும் பெயர் லாரி ஃபிங்கர். அமெரிக்கர். 2005 வாக்கில், பிராட்காம் சிப்புக்கு நிறுவனம் எந்த உதவியும் செய்யாதபோது, அந்தச் சிப் எப்படி வேலை செய்கிறது என்று தோண்டிக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். பிறகு ரியல்டெக். வெளியே கிடந்த கோடை எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வேலையாக வைத்திருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள். 2024 ஜூனில் இறந்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. சேலையூரில் ஒரு பெண் பழைய லேப்டாப்பில் கவுன்சலிங் விண்ணப்பம் போட முடிகிறது என்றால், அதில் கடல் கடந்த ஒரு கிழவரின் ஓய்வுக்கால உழைப்பும் இருக்கிறது. அவர் பெயர் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களுக்கு?

அவர் ஏன் செய்ய வேண்டியிருந்தது என்பது வணிகக் கணக்கு. டாங்கிள் ஒருமுறைதான் விற்கிறது. லாபமும் அன்றோடு சரி. டிரைவரைப் பராமரிக்கும் செலவோ பத்து வருஷத்துக்கு ஓடும். விற்றவர் பேரேட்டில் அது வெறும் செலவுத் தலைப்பு, எதிரே வரவு கிடையாது. ஆகவே ஒரு கெர்னல் பதிப்புக்கு எழுதி, ஜிப் செய்து, இணையதளத்தில் போட்டுவிட்டு அடுத்த சிப்புக்குப் போய்விடுவார். வாங்கியவர் கணக்கிலோ அந்தச் செலவு தெரியவே தெரியாது, வை-ஃபை நிற்கிற நாள்வரை. இரண்டு பக்கமும் எழுதாமல் விட்ட தொகையை யாரோ ஒருவர் தன் நேரத்தால் கட்டுகிறார். 'இலவச' மென்பொருளின் பில் அங்கேதான் போகிறது.

நியாயமாகச் சொன்னால் ரியல்டெக்கும் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. 2019-இல் ஆர்டிடபிள்யூ88, 2022-இல் ஆர்டிடபிள்யூ89 என்று அதன் ஆட்களே கெர்னலுக்குள் டிரைவர் கொண்டுவந்தார்கள். ஆனால் கடையில் சக்கைப்போடு போட்ட 8812ஏயூ, 8821ஏயூ யூஎஸ்பி சிப்புகளுக்கு ஒழுங்கான ஆதரவு 2025-இல்தான் கிடைத்தது, அதுவும் வெளியாள் உழைப்பில். அதே 2025-இல், வை-ஃபை டிரைவர் பகுதியைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட காலே வாலோ விலகினார். உலகம் முழுவதும் ஓடும் டிரைவர்களைக் கட்டிக் காப்பவர்கள் ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள் என்பது நிலைமை.

உள்ளே வந்துவிட்டாலும் சாகாவரம் இல்லை. பார்ப்பார் இல்லாத பழைய டிரைவர்களைத் தூக்குவதும் நடக்கிறது. ஆளில்லாத வீட்டை இடிக்கத்தான் செய்வார்கள்.

இங்கேதான் சென்னையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் நேற்றைய உறவு இல்லை. 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தத் தொடங்கின. தாம்பரத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன். பாஸ் லினக்ஸ் 2007-இல் சென்னை சி-டாக்கிலிருந்து வந்தது. அரசு லேப்டாப்புகளில் விண்டோசோடு அதையும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இருக்கிறது. தமிழிலேயே எழுத 2012 முதல் கணியம் இருக்கிறது. இவர்கள் எல்லாம் நல்ல வேலை செய்தார்கள். ஆனால் ஒரு லினக்சைத் தொகுத்துக் கொடுப்பது வேறு, எழுதிப் புரியவைப்பது வேறு, கெர்னலுக்குள் ஒரு டிரைவரைப் பேணுவது வேறு.

அந்த மூன்றாவது வேலையையும் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அதிரோஸ் நிறுவனம் 2008-இல் திறந்த ஏடிஎச்9கே தொடங்கி, 2023-இல் சேர்ந்த ஏடிஎச்12கே வரை, கெர்னல் வரலாற்றைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். அதிரோசை 2011-இல் வாங்கிய குவால்காம், 2024 மார்ச்சில் வயர்லெஸ் வேலைக்கென்றே சென்னையில் 177 கோடி ரூபாய்க்கு ஒரு வடிவமைப்பு மையம் திறந்தது. ஆக, "நம்மாளுக்கு கெர்னல் வராது" என்ற சப்பைக்கட்டு செல்லாது. அவர்கள் தங்கள் நிறுவனத்தின் சிப்பைப் பார்க்கிறார்கள், சம்பளம் அதற்குத்தான். தப்பே இல்லை. முந்நூறு ரூபாய் டாங்கிளுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை என்பதுதான் பிரச்சினை.

சம்பளம் இல்லாமல் நாலு வருஷம் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம் ஜிஎஸ்டி ரோட்டின் இரு பக்கமும் இருக்கிறதே! ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? ரவுண்டு ராபின், பேங்கர்ஸ் அல்காரிதம். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவது. கடைசி வருஷம் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் பிராஜெக்ட், அதையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள பிராஜெக்ட் சென்டர் இருக்கிறது. கெர்னல் பேட்ச் அப்படி வாங்க முடியாத சரக்கு. சொந்தப் பெயரில், உலகம் பார்க்க, முகம் தெரியாத ஆள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி நிற்க வேண்டும். ஒருவேளை அதனால்தான் யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லையோ என்னவோ :-)

பேட்ச் என்றதும் ஸ்டேஜிங்கில் போய் நாலு இடைவெளியைத் திருத்திவிட்டு, "கெர்னல் கான்ட்ரிபியூட்டர்" என்று ரெஸ்யூமில் போட்டுக்கொள்வதைச் சொல்லவில்லை. அது பாதை தெரிந்துகொள்ள நல்லது. அதோடு திரும்பி வந்துவிட்டால், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சாமி கும்பிட்டாயிற்று என்று வீட்டுக்குப் போன கதைதான்.

"வை-ஃபை டிரைவர் எழுதுவது என்ன விளையாட்டா? சிப்பின் ஆவணமே கிடைக்காதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிரைவர் எழுதுவது கஷ்டம்தான். சிப்புக்குள் ஏறும் ஃபர்ம்வேர் இன்னும் பெரும்பாலும் மூடியே இருக்கிறது, அதை வெளியிலிருந்து யாரும் திருத்த முடியாது. ஆனால் செய்ய வேண்டிய வேலை எல்லாமே அந்தக் கஷ்டம் இல்லை.

கெர்னலுக்கு ஏற்கெனவே தெரிந்த சிப்பையே வேறு கம்பெனி வேறு அடையாள எண்ணோடு விற்கும். அந்த எண் டிரைவரின் பட்டியலில் இல்லாததால்தான் சில டாங்கிள்கள் செத்துக் கிடக்கின்றன. சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி. சோதித்துப் பார்க்கக் கையில் அந்த டாங்கிள் வேண்டும். ஹெல்சிங்கியில் உட்கார்ந்திருப்பவரிடம் அது இருக்காது. ரிச்சி தெருவில் இருக்கிறது, எக்மோரில் இறங்கினால் பக்கம்.

இன்னொன்று: போன பதிப்பில் வந்த வை-ஃபை இந்தப் பதிப்பில் வரவில்லை என்றால், எந்த மாற்றம் கெடுத்தது என்று கண்டுபிடிப்பது. இடையில் பதினைந்தாயிரம் மாற்றங்கள் இருக்கட்டுமே. பாதியில் வெட்டி, நல்லதா கெட்டதா பார்த்து, மறுபடி பாதியில் வெட்டிக்கொண்டே போனால் பதினான்கு சோதனையில் ஆள் மாட்டிக்கொள்வான். சி மொழியில் புலியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு ராத்திரிப் பொறுமை போதும். இந்த மாதிரிக் குறிப்போடு வரும் புகாரைத்தான் டிரைவர் பராமரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். "வை-ஃபை வரல, ஹெல்ப் ப்ளீஸ்" என்பதை அல்ல.

லினக்சைக் கொண்டாடுகிறவர்கள் "கோடைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்" என்று சுதந்திரங்களை வாய்ப்பாடாக ஒப்பிப்பார்கள். பார்க்கவும் இல்லை, மாற்றவும் இல்லை, முந்நூறு ரூபாய்க்காரரைப் பார்த்து "வேறு வாங்கு" என்று மட்டும் சொல்கிறார்கள் என்றால், அவர்களுக்கும் "புது லேப்டாப் வாங்கு" என்று சொன்ன மைக்ரோசாஃப்டுக்கும் என்ன வித்தியாசம்? அவன் விற்கிறவன், சொல்லத்தான் செய்வான். இவர்களுக்கு என்ன வந்தது?

ஆகவே தலைப்புக் கேள்விக்குப் பதில்: லினஸைத் திட்டாதீர்கள். டாங்கிள் வாங்கியவரைத் திட்டவே திட்டாதீர்கள். ரியல்டெக்கைத் திட்டலாம், பாதி நியாயம். மீதிப் பாதியை, சிப் எண்ணைக் குறித்து உரிய இடத்தில் ஒரு ஒழுங்கான புகார்கூட எழுதாமல் "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஃபிங்கர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார எண்பது வயதாக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. இருபது வயதிலும் உட்காரலாம், குரோம்பேட்டையில் இருந்துகொண்டே.

பி.கு: டாங்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் "லினக்ஸ்ல வருமா?" என்று கேட்காதீர்கள். "எல்லாத்துலயும் வரும் சார்" என்றுதான் பதில் வரும். எந்தப் பதிப்பு, உள்ளே எந்தச் சிப் என்று தெரிந்துகொண்டு, அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா, எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று தேடிப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தால் அடையாள எண் வரும். டிரைவரே வேண்டியதில்லை, ஃபர்ம்வேர் கோப்பு மட்டும்தான் இல்லை என்பதும் பல நேரம் நடக்கும். டெபியன் 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துவிட்டதால் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. மூன்று வருஷப் பழைய பென் டிரைவை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் லினக்ஸ் போடும் புண்ணியவான்கள் முதலில் அதை மாற்றவும்.